பாதைக்கும் ஓர் உரிமை உண்டு





பயணம் சென்ற ஊரில், நுழைந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள்கள் தங்குவதாக ஒருவர் நிய்யத் வைத்துவிட்டால், அவர் அங்கே முஸாஃபிர் அல்லர், முகீம். தொழுகையைச் சுருக்கும் சலுகை அவருக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் இந்தச் சட்டத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். கடந்த கோடையில் அது எனக்கே பொருந்தியது. என் தங்கையும் மச்சானும் இலண்டனுக்கு அருகே ரிச்மண்ட் என்னும் ஆற்றங்கரை ஊரில் வாடகை வீட்டில் வசிக்கின்றனர். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்ததால் உம்மாவை அழைத்துக்கொண்டு சென்று, மூன்று வாரங்கள் அங்கே தங்கியிருந்தேன்.

முகீம் ஆகிவிட்ட மனிதருக்குத் தொழுகையை முழுமையாக நிறைவேற்றும் கடமை வருவதுபோல, தங்கிய ஊரைக் கவனித்துப் பார்த்துப் படிப்பினை பெறும் கடமையும் வருகிறது என்பது என் எண்ணம். அந்த மூன்று வாரங்களில் நான் பெற்ற படிப்பினை ஒன்றே ஒன்றுதான். அது என் சொந்த வீட்டு வாசலைப் பற்றியது.

ரிச்மண்ட், இலண்டன் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது. முற்காலத்தில் அதன் பெயர் ஷீன். மன்னர் ஏழாம் ஹென்றி அங்கே புதிய அரண்மனையைக் கட்டி, தாம் முன்பு வகித்த ரிச்மண்ட் பிரபு என்னும் பட்டத்தின் பெயரையே அதற்கு இட்டார். முதலாம் எலிசபெத் அரசி 1603ஆம் ஆண்டு அந்த அரண்மனையில்தான் இறந்தார். இன்று அதன் வாயிற்பகுதியும் சில சுவர்களுமே எஞ்சியுள்ளன. உலகை ஆண்டவர்களின் மாளிகை மறைந்துவிட்டது. ஆனால் அதன் அருகே ஆற்றோரமாக எளிய மக்கள் நடந்த பாதை இன்றும் இருக்கிறது. இதைப் பார்த்தபோது ஆத், ஸமூது கூட்டத்தாரின் இடிபாடுகளைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைப்பது நினைவுக்கு வந்தது.

உம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. இரண்டு முழங்கால்களிலும் வலி. நம் ஊரில் வீட்டைவிட்டு வெளியே நடப்பதே அரிதாகிவிட்டது. அங்கேயோ, அஸ்ர் தொழுதபின் ஒவ்வொரு நாளும் ஆற்றங்கரைக்கு நடந்தார். பாதை சமதளமாக இருந்தது. சிறிது தூரம் சென்றால் அமர ஒரு பலகை இருந்தது. மீண்டும் எழுந்து நடந்தால் மற்றொன்று. 1777இல் திறக்கப்பட்ட கல்பாலம்வரை சென்று திரும்புவது அவர்களுடைய வழக்கமாயிற்று. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவோரும், ஊன்றுகோலுடன் நடப்போரும், சைக்கிளில் செல்வோரும் அதே பாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுச் சென்றனர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடலின் ஏற்றம் அதுவரை வந்து, கரையோரப் பாதையின் மேல் தண்ணீர் ஏறிவிடுகிறது. அப்போது மட்டுமே அந்தப் பாதை அடைபடுகிறது. அது அல்லாஹ்வின் ஏற்பாடு. மனிதர்கள் அதை அடைக்கவில்லை.

மனிதர்கள் அடைக்க முயலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முயன்றார்கள். அந்த வரலாற்றை மச்சான் வாயிலாக அறிந்தேன்.

ரிச்மண்டுக்கு மேலே குன்றின்மீது பரந்த பூங்கா ஒன்று உள்ளது. 1637ஆம் ஆண்டு மன்னர் முதலாம் சார்ல்ஸ், தாம் மான் வேட்டையாடுவதற்காக அந்த நிலத்தைச் சுற்றிச் செங்கல் சுவர் எழுப்பினார். வளைக்கப்பட்ட நிலத்தில் பிறருடைய நிலங்களும், ஊர்ப் பொதுநிலமும் இருந்தன. மக்களின் வெறுப்பைத் தணிப்பதற்காக, நடந்து செல்வோருக்கு உள்ளே வழி விடப்பட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி அமீலியா 1751இல் அந்தப் பூங்காவின் பொறுப்பாளரானார். தமக்கு வேண்டியவர்கள் மட்டுமே அனுமதிச் சீட்டுடன் நுழையலாம் என்று கட்டுப்படுத்தினார். நூறாண்டு நடந்த பாதை ஒரே நாளில் அந்நியமாயிற்று.

அவ்வூரில் ஜான் லூயிஸ் என்றொருவர் இருந்தார். அரச குடும்பத்தினர் அல்லர், பிரபுவும் அல்லர். ஒருநாள் பூங்காவின் வாயிலில் நுழைய முயன்றார். காவலாள் தடுத்தார். லூயிஸ் நீதிமன்றம் சென்றார். மன்னரின் மகளுடைய அதிகாரத்தை எதிர்த்து ஒரு குடிமகன் தொடுத்த அந்த வழக்கு 1758ஆம் ஆண்டு, அருகிலுள்ள கிங்ஸ்டன் நகரில் நீதிபதி சர் மைக்கேல் ஃபாஸ்டர் முன் விசாரிக்கப்பட்டது. நடப்போரின் உரிமை நிலைநாட்டப்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. சுவரில் கதவு வைக்க வேண்டுமா, சுவரைத் தாண்ட ஏணிப்படி வைக்க வேண்டுமா என்று லூயிஸிடம் கேட்கப்பட்டது. அவர் ஏணிப்படியைக் கேட்டார். காரணம் இதுதான்: உள்ளே மான்கள் இருப்பதால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். சாத்திய கதவைக் காணும் வெளியூர்க்காரர் தமக்கு அனுமதி இல்லை என்று எண்ணித் திரும்பிவிடுவார். நாளடைவில் அதற்குத் தாழ்ப்பாளும் வந்துவிடும். ஏணியையோ பூட்ட முடியாது. பின்னர் ஏணி வைக்கப்பட்டது. ஆனால் படிகளுக்கிடையே வேண்டுமென்றே இடைவெளியை அதிகமாக்கிவிட்டார்கள். சிறுவர்களாலும் முதியவர்களாலும் ஏற முடியவில்லை. லூயிஸ் மீண்டும் நீதிபதியிடம் முறையிட்டார். நீதிபதி தாமும் அதைக் கவனித்ததாகக் கூறி, முதியவர்கள் மட்டுமல்ல, மூதாட்டிகளும் ஏறிச் செல்லும் வகையில் படிகளை அமைக்குமாறு உத்தரவிட்டார்.

உரிமையைத் தாளில் வழங்கிவிட்டு நடைமுறையில் தடுப்பது எக்காலத்திலும் நடப்பதுதான். ஒரு மூதாட்டியின் கால் எட்டுகிறதா என்று பார்ப்பதே உண்மையான நீதி.

இந்த வரலாற்றை அன்றிரவு உணவின்போது உம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "ஒரு கிழவி ஏற முடியலையேன்னு அந்த நீதிபதி கவலைப்பட்டிருக்காரு. நம்ம வாசல்ல மய்யித்தே திரும்ப முடியாம நின்னுச்சே, வாப்பா."

எனக்குச் சோறு இறங்கவில்லை.

உம்மா எதைக் குறிப்பிட்டார்கள் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, மழைநீர் உள்ளே வராதிருக்க வாசலை உயர்த்தினேன். அதற்கு மூன்று படிகளும் சிறு திண்ணையும் தேவைப்பட்டன. அவற்றை வீட்டுக்குள் அமைத்தால் கூடம் குறுகிவிடும் என்று கொத்தனார் சொன்னார். ஆகவே தெருவில் அமைத்தோம். இரண்டரை அடிதான். எதிர்வீட்டாரும் முன்பே ஒன்றரை அடி இறங்கியிருந்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மதரஸா உஸ்தாதின் வீடாயிற்றே, யார் கேட்பார்கள்?

சென்ற ஆண்டு எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் மரணமடைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவைத் தூக்கி வந்தபோது எங்கள் வாசலருகே, இரண்டு பக்கமும் படிகள், நடுவில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள். சுமந்தவர்கள் தோள் மாற்ற இடமின்றித் தடுமாறினார்கள். சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. உம்மா சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தச் சந்தூக்கைச் சுமந்தவர்களில் ஒருவன். மோட்டார் சைக்கிளை நிறுத்தியவரைத்தான் அன்று குறை சொன்னேன். என் திண்ணை என் கண்ணில் படவில்லை.

அன்பர்களே, இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் நூலை நான் மாணவர்களுக்கு நடத்துகிறேன். அதில் சமரச உடன்படிக்கை பற்றிய பாடத்தில், பொதுப் பாதையில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் தடுக்கப்பட்டவை என்ற சட்டம் உள்ளது. யாருக்கும் இடையூறு இல்லையெனில் கூடும் என்ற மற்றொரு கருத்தும் அங்கே குறிப்பிடப்படுகிறது. ஆனால் ஏற்றமான கருத்து முன்னதுதான். அந்தப் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! திண்ணை என்ற சொல்லுக்கு விளக்கம் கூறும்போது, "நம் வீட்டு வாசலில் இருப்பதுபோல" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அறிவு நாவில் இருந்தது, வாசல்வரை வரவில்லை.

சாலையோரம் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கூறியபோது, எங்களுக்கு அமர்ந்து பேச வேறு இடமில்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்றார்கள் பெருமானார். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும், ஸலாமுக்கு மறுமொழி கூறுவதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அந்த உரிமை என்று விளக்கினார்கள். பாதையின் அகலத்தில் சர்ச்சை ஏற்பட்டால் ஏழு முழம் விடுமாறும் தீர்ப்பளித்தார்கள். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று எச்சரித்தார்கள். இவை மூன்றும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவானவை. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது நம் குழந்தைகளுக்கும் தெரியும். முள்ளை அகற்றுவது ஈமான் என்றால், சிமெண்ட் கொண்டு முள்ளை நடுவதற்கு என்ன பெயர்?

இங்கே சிலர் மறுப்புக் கூறக்கூடும். அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது: அந்த ஜான் லூயிஸ் மது வடிக்கும் தொழில் செய்தவர். அவரை முன்மாதிரியாகக் காட்டலாமா? உண்மைதான், அவருடைய தொழில் நமக்கு ஹராம். அவர் தொழிலை நாம் ஏற்கவில்லை; அவர் கோரிய நீதியை ஏற்கிறோம். நபித்துவத்துக்கு முன் மக்காவில், வெளியூர் வணிகர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தொடர்ந்து, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் குறைஷியர் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் அந்த உடன்படிக்கையில் பெருமானாரும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அத்தகைய உடன்படிக்கைக்குத் தாம் அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றார்கள் எனச் சீரா நூல்கள் தெரிவிக்கின்றன. அதைச் செய்தவர்கள் இணைவைப்பாளர்களாக இருந்தும் அந்த நீதியை நபியவர்கள் மதித்தார்கள்.

இரண்டாவது: வெள்ளையரின் நீதியை நாம் புகழலாமா? லூயிஸின் வழக்குக்கு முந்தைய ஆண்டு, 1757இல்தான் பிளாசிப் போருக்குப் பின் வங்காளம் ஆங்கிலேயக் கம்பெனியின் பிடிக்குள் சென்றது. தம் ஊரில் ஒரு நடைபாதைக்காக நீதி வழங்கிய நாடு, பிறர் நாட்டையே விழுங்கியது. இதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் செய்த அநீதி, நான் செய்த அநீதியை நியாயமாக்கிவிடாது. ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் போதனை.

மூன்றாவது: எல்லோரும்தானே செய்கிறார்கள்? என் தம்பியும் இதைத்தான் தொலைபேசியில் கேட்டான். "காக்கா, நாம ஒருத்தர் இடிச்சா தெரு அகலமாகிடுமா?" என்றான். ஆகாது என்றே பதில் சொன்னேன். ஆனால் மறுமையில் தெரு முழுவதற்கும் நான் கணக்குக் கொடுக்கப் போவதில்லை. இரண்டரை அடிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ரிச்மண்டில் கண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழே நதி வளைந்து செல்வதும், கரையோரப் புல்வெளிகளும் மரங்களும் தெரிகின்றன. 1901ஆம் ஆண்டையொட்டி அந்தக் காட்சிக்குள் அடங்கும் நிலங்களில் வீடுகள் எழும்பும் நிலை வந்தபோது மக்கள் எதிர்த்தனர். 1902இல் அந்தக் காட்சியைக் காப்பதற்கென்றே நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றப்பட்டது. பூங்காவின் ஒரு மேட்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புனித பவுல் தேவாலயத்தின் குவிமாடம் தெரிகிறது. அதை மறைக்கும்படி இடையில் கட்டடம் எழாதவாறு அந்தப் பார்வைக் கோடும் காக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் காட்சியைக்கூடப் பிறக்கப்போகும் தலைமுறையின் உடைமையாகக் கருதியிருக்கிறார்கள். நமக்கு இது புதிய சிந்தனையன்று. வக்ஃபு என்பது வேறென்ன? என்னுடையது அன்று, விற்க முடியாது, எனக்குப் பின் வருவோருக்கும் பயன் சேர வேண்டும் என்பதுதானே அதன் உயிர்? பொதுப்பாதை வக்ஃபு ஆவணத்தில் எழுதப்படவில்லை என்றாலும், அதுவும் ஓர் அமானிதமே.

ஜும்ஆவுக்கு 65ஆம் எண் பேருந்தில் கிங்ஸ்டன் சென்றுவந்தேன். லூயிஸின் வழக்கு நடந்த அதே நகரம். தொழுகை முடிந்து திரும்பும்போதெல்லாம் உள்ளம் உறுத்தியது. ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியதை அங்கேயே நிய்யத் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் அளவுநாடா வைத்து அளந்தேன். எங்கள் தெருவின் அகலம் பதினொரு அடி. ஏழு முழம் என்பது ஏறத்தாழ பத்தரை அடி. ஆக, முன்னோர் நபிவழித் தீர்ப்புக்கு நிகரான அகலத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். எங்கள் வாசலருகே எஞ்சியிருந்ததோ ஏழே அடி. திண்ணையையும் படிகளையும் இடித்தேன். படிகளை வீட்டுக்குள் அமைத்ததில் கூடம் குறுகிவிட்டது. விருந்தினர் வந்தால் சஹனைச் சுற்றி அமர இடம் போதவில்லை. செலவு என் ஒன்றரை மாதச் சம்பளம். அந்தத் திண்ணையில் மாலைதோறும் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த இரண்டு முதியவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வீட்டுக்குள் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்; ஆனால் முன்போல வருவதில்லை. இழப்பு இல்லாமல் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்வீட்டுப் படி இன்னும் இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் தவறு செய்த நான், ஒரு வாரத்தில் உபதேசியாகிவிடக் கூடாது.

ஆயினும் ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் குடும்பத் தலைவர்களிடமும் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். வீடு கட்டத் தொடங்குவோர், கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் ஓர் ஆலிமிடம் வாசலின் எல்லையைப் பற்றிக் கேளுங்கள். ஜும்ஆ நாளில் வாகனத்தை நிறுத்துமுன், அவ்வழியே ஓர் ஆம்புலன்ஸோ ஒரு சந்தூக்கோ செல்ல முடியுமா என்று ஒரு கணம் பாருங்கள். நம் தொழுகைக்காகப் பிற சமயத்து அண்டைவீட்டார் தம் வாசலில் அடைபட்டு நிற்பது எந்த வகையிலும் நன்மையாகாது. கத்தீப்மார்கள் ஆண்டுக்கு ஒரு குத்பாவையேனும் பாதையின் உரிமைக்கு ஒதுக்குங்கள். அந்தக் குத்பாவை நிகழ்த்தும் முன் தம் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில் அதுவே கடினமான பகுதி.

இவ்வுலகில் வழிப்போக்கரைப்போல வாழுமாறு நபி (ஸல்) அவர்கள் இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் தோளைப் பிடித்துச் சொன்னார்கள். சட்டப்படி நான் ரிச்மண்டில் முகீமாக இருந்தேன். ஆனால் என் சொந்தத் தெருவிலும் நான் வழிப்போக்கன்தான். ஒருநாள் அதே தெருவழியே என்னையும் சுமந்து செல்வார்கள். அப்போது சுமப்பவர்கள் தோள் மாற்ற இடமிருக்க வேண்டும்.

உம்மா இப்போது மாலையில் வாசல்வரை நடக்கிறார்கள். தேம்ஸ் கரை இங்கில்லை. அமரப் பலகையும் இல்லை. தெருவில் இரண்டரை அடி கூடியிருக்கிறது, அவ்வளவே.

அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, பிறருக்குரிய உரிமைகளை அவர்கள் கேட்கும் முன்பே திருப்பித் தரும் உள்ளத்தை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.